மஞ்சள் பூசிய முகமும் வாழை இலைப் பச்சையும்

ஆவணி பிறந்துவிட்டால் திருநெல்வேலிப் பக்கம் கல்யாண வீடியோக்காரர்களுக்கு ஓய்வே கிடையாது. அதே ஆவணியில்தான் சூரியனும் ஊருக்கு நேர் உச்சியில் வந்து நிற்கிறது. நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 8.7 பாகை வடக்கே இருக்கும் ஊர் இது. ஆண்டுக்கு இரண்டு முறை, ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும், உச்சிப் பொழுதில் நிழல் காலடியிலேயே விழும். அந்த நேரத்தில் மண்டப வாசலில் நிற்கும் மாப்பிள்ளைக்கு நெற்றியும் மூக்கு நுனியும் வெளுத்து, கண்கள் இரண்டும் குழிக்குள் இருண்டு போகும். உள்ளே மணவறையில் மஞ்சள் விளக்கு. மாலை ரிசப்ஷன் மேடையில் நீலமும் ஊதாவுமாக எல்இடி. மறுநாள் ‘அவுட்டோர்’ என்று பாபநாசம் படித்துறைக்கோ அம்பாசமுத்திரம் பக்கத்து வாழைத்தோப்புக்கோ போனால், இலை வழியே வடிந்து இறங்கும் பச்சை வெளிச்சம். வெளிச்சம் நான்கு, கேமரா மூன்று, முகம் மட்டும் ஒன்றே. வண்ணார்பேட்டையிலோ பாளையங்கோட்டையிலோ ஒரு மாடி அறையில் உட்கார்ந்து இதையெல்லாம் ஒரே படமாக்க வேண்டிய எடிட்டர் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: எந்த சாஃப்ட்வேரில் கலர் நன்றாக வரும்?

கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்க வேண்டியிருக்கிறது. எந்த மென்பொருளைத் திறந்தாலும் நிறம் தானாக வந்துவிடாது. கேமரா பதிந்து வைத்த நிறங்களில் எதை எதிலிருந்து பிரித்தெடுக்க அது இடம் கொடுக்கிறது என்பதில்தான் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் வேறுபாடு. தாமிரபரணிக் கரையில் படம் பிடிப்பவர் தினமும் முட்டிக்கொள்ளும் நிறங்கள் இரண்டு. ஒன்று பயிர்ப் பச்சை, மற்றது மனிதத் தோலின் மாநிறம். இரண்டையும் தனித்தனியே பிடித்துத் திருத்தவும், திருத்தியதைக் கண்ணை மட்டும் நம்பாமல் அளந்து பார்க்கவும் எது வழி தருகிறதோ, அதுவே இந்த ஊருக்கு ஏற்ற கருவி. விலை, விளம்பரம், கூடவே இனாமாக வரும் நூறு ‘லுக்’குகள் ஆகியவற்றை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஃபிலிம் காலத்தில் இப்படிப் பிரித்தெடுக்க வழி இல்லை. சென்னையில் ஜெமினி, பிரசாத் போன்ற லேப்களில் நெகட்டிவிலிருந்து பிரிண்ட் போடும்போது சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று ஒளிகளின் அளவை 1 முதல் 50 வரையிலான புள்ளிகளில் கூட்டிக் குறைப்பார்கள். நடுமட்டம் 25. கிரேடர் என்று அழைக்கப்பட்டவருக்குக் கையில் இருந்தது அந்த மூன்று எண்கள் மட்டுமே. காலைக் காட்சியையும் மாலைக் காட்சியையும் ஒட்டவைக்க அது போதும். ஆனால் நாயகியின் முகத்துக்குக் கொஞ்சம் சிவப்பு சேர்த்தால் பின்னால் இருக்கும் வானமும் சேர்ந்து சிவக்கும். எந்தத் திருத்தமும் சட்டகம் முழுவதையும் பிடித்து இழுக்கும். அதனால் ஒளிப்பதிவாளர்கள் நிறத்தைப் படப்பிடிப்பிலேயே முடித்துவிடப் பார்த்தார்கள்: ஃபில்டர், ரிஃப்ளெக்டர், ஒப்பனை, உடை. அந்தக் கட்டுப்பாட்டிலிருந்து பிறந்த ஒழுக்கம் ஒன்று உண்டு. இன்றைக்கு அது பெரும்பாலும் தொலைந்துவிட்டது.

இந்த நிலையை உடைத்துக் காட்டிய படம், கோயன் சகோதரர்களின் ‘ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ?’. 2000-ல் வெளியானது. மிசிசிப்பியில் கோடையில் எடுத்தார்கள். எங்கு பார்த்தாலும் செழித்த பச்சை. இயக்குநர்களுக்கு வேண்டியதோ பழைய அஞ்சலட்டை போல வறண்ட, புழுதி பறக்கும் மஞ்சள். லேப் வேலையால் அது நடக்காது என்று கண்ட ஒளிப்பதிவாளர் ரோஜர் டீகின்ஸ், நெகட்டிவ் முழுவதையும் கம்ப்யூட்டருக்கு ஏற்றி, பச்சையை மட்டும் தனியே பிடித்துப் பொன்மஞ்சளாக மாற்றினார். முழுநீள ஹாலிவுட் படம் ஒன்றை முதலில் இருந்து கடைசிவரை இப்படி டிஜிட்டலில் நிறம் திருத்தியதற்கு அதுவே முன்னோடி. தமிழ் சினிமா ‘டிஐ’ என்று சொல்லும் வேலை அங்கிருந்துதான் உலகெங்கும் பரவியது. பச்சையை ஒழித்துக் காட்டித்தான் இந்தத் தொழில்நுட்பம் பேர் வாங்கியது என்பதை நெல்லைக்காரர் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. அதே பிரித்தெடுக்கும் திறனைப் பச்சையைக் காப்பாற்றவும் பயன்படுத்தலாம். எதற்குப் பயன்படுத்துவது என்பது கருவியின் கையில் இல்லை.

அன்றைக்கு இப்படிப்பட்ட கருவிகள் எட்டாக் கனி. டாவின்சி என்ற நிறுவனம் 1984-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் தொடங்கியது. அதன் இயந்திரங்களை வாங்க லட்சக்கணக்கான டாலர் வேண்டும். 2009-ல் ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் டிசைன் அந்த நிறுவனத்தை வாங்கி, அடுத்த ஆண்டே மேக் கம்ப்யூட்டருக்கான ‘டாவின்சி ரிசால்வ்’ மென்பொருளாக 995 டாலருக்கு விற்றது. 2011-ல் இலவச வடிவமும் வந்தது. 2017-ல் கட்டண வடிவத்தின் விலை 299 டாலராக இறங்கியது. ஹாலிவுட் கலரிஸ்ட் கையில் இருக்கும் அதே நிறச் சக்கரமும், நிறத்தைப் பொறுக்கி எடுக்கும் குவாலிஃபையரும், முகத்தைச் சுற்றி வட்டம் போட்டு அதன் பின்னாலேயே ஓடும் டிராக்கரும் இன்று கல்லிடைக்குறிச்சியில் இருக்கும் ஒருவருக்குப் பைசா செலவில்லாமல் கிடைக்கின்றன. எனவே ‘நமக்குக் கட்டுப்படியாகாது’ என்ற பழைய சமாதானம் இப்போது செல்லாது. கருவி கிடைத்த பிறகும் படங்கள் ஏன் ஒரே மாதிரி தட்டையாக இருக்கின்றன என்று கேட்பதே பொருத்தம்.

விடை பெரும்பாலும் ‘லட்’டில் இருக்கிறது. இணையத்தில் நூற்றுக்கணக்கில் கிடைக்கும் இந்த லட் கோப்பு, பழைய ஜவுளிக்கடைகளில் இருந்த ரெடி ரெக்கனர் புத்தகம் மாதிரி: இந்த அளவுக்கு இந்த விலை என்று முன்கூட்டியே எழுதி வைத்த பட்டியல். இன்ன சிவப்பு, இன்ன பச்சை, இன்ன நீலம் உள்ளே வந்தால் இன்ன நிறத்தை வெளியே அனுப்பு என்பதே அதில் இருக்கும் மொத்தச் செய்தி. பரவலாகப் புழங்கும் ஓர் அளவில் பக்கத்துக்கு 33 புள்ளிகள். மூன்று பக்கமும் பெருக்கினால் 35,937 இடங்கள். இடைப்பட்ட நிறங்களை மென்பொருள் கணக்குப் போட்டு நிரப்பிக்கொள்ளும். கணக்கில் குறை இல்லை. ஆனால் அந்தப் பட்டியலுக்கு முகம் எது, இலை எது என்று தெரியாது. சட்டகத்தின் எந்த மூலையில் இருந்தாலும் ஒரே நிறத்துக்கு ஒரே பதில்தான் சொல்லும். படம் எடுத்த வெளிச்சமும் அதற்குத் தெரியாது. ஐரோப்பிய மாலை வெயிலில் எடுத்த காட்சிக்காக யாரோ செய்த லட்டை ஆவணி உச்சி வெயிலில் எடுத்த காட்சிமேல் போட்டால், அது தனக்குத் தெரிந்த கணக்கைத் தவறில்லாமல் செய்யும். தப்பான காட்சிமேல் செய்யும்.

சமூக வலைத்தளங்களில் அதிகம் புழங்கும் ‘டீல் ஆரஞ்சு’ பாணியை எடுத்துக்கொள்வோம். தோலை ஆரஞ்சுப் பக்கமும் மற்ற எல்லாவற்றையும் நீலப்பச்சைப் பக்கமும் தள்ளுவது அதன் உத்தி. கடற்கரையிலும் கான்கிரீட் நகரத்திலும் அது எடுபடும். அங்கே பின்னணியில் நீலமும் சாம்பலுமே இருக்கும். சேரன்மகாதேவிப் பக்கத்து வயலில் போட்டால் நாற்றின் இளம்பச்சை கடல்நீர் நிறத்துக்குப் போய்விடும். அந்த நிறத்தில் எந்தப் பயிரும் உலகத்தில் விளைவதில்லை. இதற்கு நேர் எதிரான இன்னொரு வழக்கமும் இருக்கிறது: தென்மாவட்டம் என்றாலே புழுதி மஞ்சளும் பழுப்பும் பூசிவிடுவது. ஸ்டீவன் சோடர்பெர்க் ‘டிராஃபிக்’ படத்தில் மெக்சிகோ காட்சிகளுக்கு மட்டும் மஞ்சள் சாயம் ஏற்றியது 2000-ல். அதன்பிறகு ஹாலிவுட்டுக்கு வெப்ப நாடு என்றாலே மஞ்சள் என்றாகிவிட்டது. நம் ஊரிலும் ‘கிராமத்து லுக்’ என்ற பெயரில் அதே சோம்பல் நடக்கிறது. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேரும்வரை ஏறத்தாழ 128 கிலோமீட்டர் ஓடும் ஆறு தாமிரபரணி. அதற்குள் மழைக்காடு, நெல், வாழை, கொஞ்சம் தள்ளிப் போனால் பனையும் செந்நிறத் தேரி மணலும். இத்தனையையும் ஒரே பழுப்புக்குள் அடைப்பவர் இந்த நிலத்தைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது.

பார்த்து எடுத்தவர்களும் உண்டு. மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ (2018, ஒளிப்பதிவு ஸ்ரீதர்), ‘கர்ணன்’ (2021, ஒளிப்பதிவு தேனி ஈஸ்வர்), ‘வாழை’ (2024, ஒளிப்பதிவு தேனி ஈஸ்வர்) ஆகிய படங்களை நிறத்துக்காக மட்டும் ஒருமுறை ஓடவிட்டுப் பார்க்கலாம். ‘வாழை’யில் பச்சை என்பது சுற்றுலா விளம்பரத்துப் பச்சை கிடையாது. சிறுவர்கள் தலையில் ஏறி அமர்ந்து கழுத்தை அமுக்கும் தாரின் பச்சை அது. அதைக் கண்ணுக்கு இனிமையாக மினுக்கியிருந்தால் கதையே பொய்த்திருக்கும். முழுதாகப் பழுப்பாக்கியிருந்தால் சுமை எது என்றே தெரிந்திருக்காது. முகங்களின் கருமை கருமையாகவே, உயிரோடு நிற்கிறது. பெரிய படத்துக்குப் பெரிய பட்ஜெட், கலரிஸ்ட், தனித் திரையரங்கம் எல்லாம் உண்டு என்று சொல்லலாம். இருக்கட்டும். பச்சையையும் தோலையும் ஒன்றின்மேல் மற்றொன்று கசியவிடாமல் வைக்க வேண்டும் என்ற முடிவுக்கு மட்டும் பட்ஜெட் தேவையில்லை.

தோல் நிறத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகக் கெடுதல் நடப்பது அங்கேதான். எந்த நல்ல மென்பொருளிலும் வெக்டர்ஸ்கோப் என்றொரு வட்டப் படம் இருக்கும். நிறம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, எவ்வளவு அடர்த்தி என்று அது காட்டும். அதில் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவே ஒரு கோடு உண்டு. வெள்ளையரானாலும், ஆப்பிரிக்கரானாலும், நம் ஆட்களானாலும், நடுநிலை வெளிச்சத்தில் எடுத்த மனிதத் தோல் அந்தக் கோட்டை ஒட்டியே விழும். ரத்தமும் மெலனினும் எல்லார் உடம்பிலும் ஒன்றே. வேறுபடுவது முக்கியமாக வெளிச்ச அளவும் அடர்த்தியும். கருத்த முகத்தை ‘தெளிவாக்க’ நினைக்கும் எடிட்டர் பெரும்பாலும் என்ன செய்கிறார்? மொத்தக் காட்சியின் நடுமட்ட வெளிச்சத்தைத் தூக்குகிறார், அடர்த்தி அப்படியே கிடக்கிறது. விளைவு, சாம்பல் பூத்த முகம். கறுப்பும் இல்லை, சிவப்பும் இல்லை, உயிரும் இல்லை. முகத்தை மட்டும் தனியே பிடித்து, வெளிச்சத்தோடு சேர்த்து அடர்த்தியையும் ஓரளவு உயர்த்தி, கோட்டைவிட்டு விலகாமல் பார்த்துக்கொண்டால், கறுப்பு கறுப்பாகவே இருந்து மினுங்கும். இதற்குப் பிரித்தெடுக்கும் கருவியும் அளக்கும் கருவியும் இரண்டும் வேண்டும்.

கருவிகள் சாதி, இனம் பார்ப்பதில்லை என்று நினைப்பவர்களுக்கு ஒரு பழைய செய்தி. கோடாக் நிறுவனம் லேப்களில் நிறம் சரிபார்க்க அனுப்பிய அட்டைகளுக்கு ‘ஷெர்லி கார்டு’ என்று பெயர். அதில் பல பத்தாண்டுகள் இருந்தது வெள்ளைத் தோல் பெண்ணின் முகம் மட்டும். அந்தத் தோலுக்குச் சரியாக வந்தால் ஃபிலிம் சரி. கருத்த மரச் சாமான்களும் சாக்லேட்டும் படத்தில் சரியாக விழவில்லை என்று அவற்றை விற்கும் கம்பெனிகள் முறையிட்ட பிறகே ஃபிலிமைத் திருத்தும் வேலை வேகம் பிடித்தது என்பதைக் கனடா ஆய்வாளர் லோர்னா ராத் 2009-ல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கியிருக்கிறார். கருத்த மனிதர்களின் முறையீடு அதுவரை காதில் விழவில்லை. இணையத்தில் விற்கும் லட்டுகளின் விளம்பரப் படங்களைப் பாருங்கள், யாருடைய முகத்தை வைத்து அவை செய்யப்பட்டன என்பது தெரியும்.

பிரித்தெடுப்பது என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் இரண்டு வகை உண்டு. இரண்டுமே ஏன் வேண்டும் என்பதற்கு நம் கல்யாணமே நல்ல சோதனை. வாழைத்தோப்பில் நிற்கும் மணப்பெண்ணைக் கவனியுங்கள். தலைக்கு மேலே இருக்கும் இலை ஒன்றிலேயே இரண்டு பச்சை. மேல்பக்கம் வானத்தைப் பிரதிபலித்து நீலம் கலந்து வெளுத்திருக்கும். அடியிலிருந்து பார்த்தால் வெயில் ஊடுருவி மஞ்சள் பச்சையாக எரியும். அந்த ஊடுருவிய ஒளிதான் அவள் கன்னத்திலும் கழுத்திலும் விழுகிறது. கேமராவின் தானியங்கி ஒயிட் பேலன்ஸ் பச்சை கூடிவிட்டதென்று எண்ணி ஊதாச் சிவப்பைச் சேர்க்கும். இலை செத்துப்போகும், முகத்து நிழலில் பச்சை அப்படியே மிஞ்சும். இங்கே குவாலிஃபையர் போதும்: தோலின் நிறம் ஒரு பக்கம், இலையின் நிறம் வேறு பக்கம். முதலில் மொத்தக் காட்சியை நடுநிலைக்குக் கொண்டுவந்து இலையைப் பிழைக்கவைத்து, பிறகு தோலை மட்டும் பொறுக்கி அதன் நிழல்பகுதியில் பச்சையைக் குறைத்தால் வேலை முடிந்தது.

அதே பெண்ணை மாசி, பங்குனியில் பிசானம் விளைந்து நிற்கும் வயலோரம், நலங்கு மஞ்சள் மாறாத முகத்தோடு நிறுத்திப் பாருங்கள். மஞ்சள் பூசிய தோல் கோட்டைவிட்டு மஞ்சள் பக்கம் நகர்ந்திருக்கும். முற்றிய கதிரும் அங்கேதான் இருக்கும். நிறத்தை வைத்துப் பொறுக்கினால் முகத்தோடு பாதி வயலும் சேர்ந்து வரும். இப்போது இடத்தை வைத்துப் பிரிக்க வேண்டும்: முகத்தைச் சுற்றி ஒரு வட்டம், அவள் நடக்க நடக்கப் பின்தொடரும் டிராக்கர். பட்டுச்சேலையின் அரக்குச் சிவப்பும் இதே மாதிரித் தொல்லை. சிவப்பு அலைவரிசை நிரம்பி வழிந்து, ஜரிகைக்கும் துணிக்கும் நடுவில் உள்ள மடிப்பே தெரியாமல் போகும். ரிசப்ஷன் மேடையின் எல்இடி நீலம் அதைவிட மோசம். சாதாரண வீடியோவுக்கான ரெக். 709 என்ற நிற எல்லைக்கு வெளியே போய், முகத்தின் ஓரத்தில் தட்டையான நீலத் திட்டாக ஒட்டிக்கொள்ளும். இந்தச் சிக்கலுக்காகவே ஹாலிவுட் அகாடமியின் ஏசெஸ் என்ற நிற முறையில் 2021-ல் வந்த 1.3 பதிப்பில் நிற எல்லையை இதமாகச் சுருக்கும் வழியைச் சேர்த்தார்கள்.

இனி மென்பொருள்களைப் பார்ப்போம். நிறத்தைப் பொறுக்குதல், இடத்தைப் பிரித்தல், பின்தொடர்தல், ஸ்கோப்பில் அளத்தல் ஆகிய நான்கும் ஒரே இடத்தில், தாராளமாகக் கிடைப்பது டாவின்சி ரிசால்வில். இலவச வடிவத்திலேயே இவை உண்டு. அதன் ‘நோட்’ அமைப்பு முதலில் மிரட்டும். ஆனால் இந்தத் திருத்தம் முகத்துக்கு, அடுத்தது இலைக்கு என்று தனித்தனிப் பெட்டிகளாக வைத்துக்கொள்ளப் பழகியவர் வேறு முறைக்குத் திரும்புவது அரிது. இலவச வடிவத்தில் இல்லாதவை இரவுக் காட்சியின் புள்ளிப்புள்ளி இரைச்சலை நீக்கும் வசதியும், ஆளைத் தானே கண்டுபிடித்து வெட்டித் தரும் மேஜிக் மாஸ்க்கும். அடோபி பிரீமியரில் 2015 முதல் இருக்கும் லுமெட்ரி, அன்றாட வேலைக்குப் போதுமானது. தோலைப் பொறுக்கும் பகுதியும் உண்டு. அடுக்கடுக்காகத் திருத்தம் போகும்போது கை தடுமாறும், சந்தாவும் தொடர்ந்து கட்ட வேண்டும். ஃபைனல் கட் புரோவுக்கு நிறச் சக்கரங்களும் வளைவுகளும் 2017 டிசம்பரில் வந்த 10.4 பதிப்பில்தான் சேர்ந்தன. வேகம் அபாரம், ஆனால் மேக் வேண்டும். பேஸ்லைட் போன்றவை பெரிய டிஐ கூடங்களுக்கானவை. கல்யாண வீடியோவுக்கு அவற்றைப் பற்றிப் பேசுவது வீண்.

எடியஸைத் தனியே சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டுக் கல்யாண எடிட்டர்களில் பெரும்பகுதியினர் கைப்பழக்கம் அதில்தான். சாதாரணக் கம்ப்யூட்டரிலும் முக்காமல் ஓடும், மூன்று கேமராவை ஒரே நேரத்தில் பார்த்து வெட்டலாம். நிறத்தைப் பிரிக்கும் வசதி அதிலும் இருக்கிறது, ஆனால் நிறவேலை அதற்கு உயிர்மூச்சு இல்லை என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். இங்கே எழும் முதல் மறுப்பு நியாயமானதே: ‘எட்டு மணி நேரக் காட்சி வருகிறது, ஆல்பத்தோடு சேர்த்துக் கொடுக்கக் கெடு இருக்கிறது, ஒவ்வொரு முகத்துக்கும் வட்டம் போட்டுக்கொண்டிருந்தால் கடையை மூட வேண்டியதுதான்.’ உண்மை. முழுநீள வீடியோவுக்கு யாரும் அப்படிச் செய்யத் தேவையில்லை. கேமராக்களை ஒன்றோடொன்று பொருத்தி, ஒயிட் பேலன்ஸைச் சரிசெய்தால் போதும். அதற்கு எடியஸே நல்லது. குடும்பம் திரும்பத் திரும்பப் பார்க்கப்போவது ஐந்து நிமிட ஹைலைட்ஸை. அதை மட்டும் வெட்டி முடித்து, தரம் குறையாத ஒரே கோப்பாக எடுத்து ரிசால்வில் போட்டால், காட்சி மாறும் இடங்களை அதுவே கண்டுபிடித்துத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுக்கும். ஒரே இடத்தில் எடுத்த துண்டுகளுக்குச் செய்த திருத்தத்தை மொத்தமாக நகலெடுக்கலாம். பழகிய கருவியைத் தூக்கிப்போட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

இரண்டாவது மறுப்பு வாடிக்கையாளரிடமிருந்து வருவது. ‘பக்கத்து வீட்டுக் கல்யாண ரீல்ஸ் மாதிரி பளிச்சென்று வேணும்’, கூடவே ‘பொண்ணு கொஞ்சம் கலரா தெரியணும்’. முதலாவதைச் செய்து கொடுக்கலாம். லுக் வேண்டுமென்றால் கடைசிப் பெட்டியில், பாதி அளவில் போடுங்கள். அதற்கு முன்பே தோலும் பச்சையும் சரியாகிவிட்டால் லட்டால் பெரிய கெடுதல் செய்ய முடியாது. இரண்டாவது கோரிக்கைக்கு முகத்தை வெளுக்கவைப்பதைவிட நல்ல பதில் உண்டு. ஜாடை தெரிகிற, கன்னத்து மினுக்கம் தெரிகிற இரண்டு நிமிடத் திருத்தத்தையும், வெளுத்த வடிவத்தையும் பக்கத்துப் பக்கத்தில் போட்டுக் காட்டினால், பெண்ணைப் பெற்றவர்கள் எதைத் தேர்ந்தெடுப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. வெளுத்த முகத்தில் அவர்கள் மகள் இருக்கமாட்டாள்.

மூன்றாவது மறுப்பு கம்ப்யூட்டரைப் பற்றியது, அதற்கு முழுதாக மறுமொழி கிடையாது. ரிசால்வ் கிராஃபிக்ஸ் கார்டை நம்பி ஓடுவது. பழைய கார்டிலும் 8 ஜிபி நினைவகத்திலும் 4கே காட்சியைத் திறந்தால் திணறும். சிறிய அளவு நகல்களை உருவாக்கி வேலை பார்த்துக் கடைசியில் அசலுக்கு மாறும் வழி உண்டு. பொறுமை இல்லாதவர் லுமெட்ரியிலோ எடியஸிலோ இருந்துவிடலாம். சில புதிய கேமராக்களின் 10 பிட் கோப்புகளை விண்டோஸில் இலவச வடிவம் ஏற்காமல் அடம்பிடிக்கும், முன்கூட்டியே ஒன்றைப் போட்டுப் பாருங்கள். கோப்பின் தரமும் கணக்கில் வரும். 8 பிட் கேமராவில் ஒவ்வொரு அடிப்படை நிறத்துக்கும் 256 படிகள், 10 பிட்டில் 1,024. 8 பிட் கேமராவில் எஸ்-லாக் என்ற தட்டையான நிற முறையில் எடுத்துவிட்டுப் பிறகு இழுத்தால் வானம் பட்டை பட்டையாக உடையும். போதாததற்கு 4:2:0 முறையில் நான்கு புள்ளிக்குச் சேர்த்து ஒரே நிறத் தகவல்தான் பதிவாகிறது. பொறுக்கி எடுத்த முகத்தின் ஓரம் கல் கல்லாக நிற்பது அதனால்தான். அப்படிப்பட்ட கேமரா வைத்திருப்பவர் லாகை மறந்து, சாதாரண நிறத்தில் ஒயிட் பேலன்ஸைக் கையால் வைத்து எடுப்பதே புத்திசாலித்தனம்.

இவ்வளவுக்கும் மேலே, பணம் செலவழிக்க வேண்டிய முதல் இடம் மென்பொருள் இல்லை என்பது பலருக்குக் கசக்கும். ஜன்னல் வெயிலும் டியூப்லைட்டும் விழும் ரோஸ் நிறச் சுவர் அறையில், கடையில் வாங்கியபடியே நீலம் தூக்கலாக இருக்கும் மானிட்டரில் பார்த்துக்கொண்டு, எந்த மென்பொருளில் எந்தச் சக்கரத்தைத் திருப்பினாலும் கண் தப்பாகவே தீர்ப்புச் சொல்லும். மானிட்டர் நீலமாக இருந்தால் எடிட்டர் தன்னை அறியாமல் மஞ்சளைக் கூட்டுவார். வீட்டு டிவியில் மணமகனுக்குக் காமாலை வந்திருக்கும். மானிட்டரை டி65 வெண்மைக்கு அளந்து சரிசெய்யும் சின்னக் கருவி ஒன்று, சாம்பல் நிறத்தில் ஒரு சுவர், படப்பிடிப்பில் ஒவ்வொரு வெளிச்சத்திலும் ஐந்து நொடி காட்ட ஒரு சாம்பல் அட்டை. கட்டண மென்பொருளுக்கு ஒதுக்கிய தொகை முதலில் இவற்றுக்குப் போகட்டும்.

இத்தனை திருத்தமும் பொய்தானே, கேமரா எடுத்ததை அப்படியே கொடுத்தால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. கேமரா எதையும் அப்படியே எடுப்பதில்லை. எந்த வெள்ளை வெள்ளை, எவ்வளவு நிழல் மிச்சம், தோலுக்கு எவ்வளவு இளஞ்சிவப்பு என்று அதன் உள்ளே இருக்கும் கணக்கு ஏற்கெனவே முடிவு செய்துவிட்டது. அந்தக் கணக்கு எழுதப்பட்டது குறுக்குத்துறை ஆற்றங்கரையை மனதில் வைத்து அல்ல. அதைத் திருத்தி ஊருக்கும் ஆளுக்கும் பொருத்துவதில் பொய் எதுவும் இல்லை. மேஜிக் மாஸ்க் மாதிரித் தானாக ஆளைப் பிரித்தெடுக்கும் வசதிகள் பெருகி வருவதால், இன்றைக்குக் கையால் செய்யும் இந்த வேலையின் பெரும்பகுதி விரைவிலேயே நொடிகளில் முடியும். பிரித்த பிறகு என்ன செய்வது என்பதை மட்டும் அது சொல்லாது.

ஆகவே அடுத்த முகூர்த்த மாதத்துக்கு முன்பு பணம் கட்டும் யோசனை உள்ளவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விளம்பர வீடியோவில் வரும் ஐரோப்பியக் காட்சியை வைத்து எந்த மென்பொருளையும் எடைபோடாதீர்கள். உங்கள் கேமராவில் நீங்களே எடுத்த மூன்று துண்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள்: வாழைத்தோப்பில் ஒரு கருத்த முகம், விளைந்த வயலோரம் மஞ்சள் பூசிய முகம், நீல எல்இடி மேடையில் அரக்குப் பட்டு. இலவச வடிவத்தையும் சோதனைக் காலம் தரும் மற்ற மென்பொருள்களையும் இறக்கி, மூன்றையும் ஒவ்வொன்றிலும் திருத்திப் பாருங்கள். எதில் வெக்டர்ஸ்கோப்பின் கோட்டைவிட்டு முகம் விலகாமல், இலை இலையாகவே நிற்கிறதோ, அதை வாங்குங்கள். பெரும்பாலானவர்களுக்கு அது ரிசால்வின் இலவச வடிவமாகவே இருக்கும்.